இங்கிரிட்டின் நீலக் குண்டான்

எனக்கு ஜெர்மன் தெரியும் என்று நான் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கைப்பேசியில் ஒரு செயலி சில மாதங்களாக எனக்கு ஜெர்மன் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. "சிறுவன் ஆப்பிள் தின்கிறான்", "என் யானை பால் குடிப்பதில்லை" என்ற இரண்டு வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பட்டாபிராமில் எங்கள் சபைப் பாடகர் குழுவை ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர்ச் சபை இரண்டு வாரத்துக்குக் கூப்பிட்டிருந்தது. நாங்கள் அங்கே போய்ப் பாடுவது, அவர்கள் வீடுகளில் தங்குவது, பிறகு அவர்கள் இங்கே வருவது. கலாசாரப் பரிமாற்றம். மொழிபெயர்க்க யார் இருக்கிறீர்கள் என்று கொயர் மாஸ்டர் கேட்டபோது, கடைசி வரிசையில் நின்ற என் கை தானாக உயர்ந்தது. குரல்தான் உயர்வதில்லை, கையாவது உயரட்டும் என்று அது நினைத்திருக்கும்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு சிறுவனும் என் முன்னால் ஆப்பிள் தின்னவில்லை. யானையை யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில் விசாரித்தது ஒரு குண்டானைப் பற்றி. குண்டானுக்கு ஜெர்மனில் என்ன என்று செயலி அதுவரை சொல்லித்தந்திருக்கவில்லை.

குண்டானுக்கு முன்னால் அக்காவைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் எல்லாருக்குமே அவர் அக்காதான், அவரைவிடப் பத்து வயது மூத்த கொயர் மாஸ்டருக்கும் சேர்த்து. ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டில் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்ச்சுருதிக் குரல். பாட்டில் ஒரு வரி முடிந்து மற்றவர்கள் மூச்சு வாங்கும்போதும் அவருடைய ஆல்ட்டோ மட்டும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும். மாஸ்டர் கையை மூடிக் காட்டுவார். அக்கா அவரைப் பார்த்துச் சிரிப்பார், அப்புறம்தான் நிறுத்துவார். எதையும் முடிப்பதில் அவருக்கு அவசரமே கிடையாது என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். என் பார்வை முழுக்க அடுத்த வரியை எங்கே தொடங்குவது என்பதில் இருந்தது.

அக்காவிடம் ஒரே ஒரு பிடிவாதம். யார் வீட்டுப் பாத்திரம் அவரிடம் வந்தாலும் அதை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்.

இதில் என்ன அதிசயம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஒரு பிடி சர்க்கரை போட்டுத் தருவோம் என்பீர்கள். சர்க்கரையோடு நிறுத்துகிறவர்களைப் பற்றி நான் ஏன் எழுதப்போகிறேன்? அக்காவுக்கு உள்ளே இடமிருக்கும் எதுவும் பாத்திரம்தான். கடன் வாங்கிய குடைக்குள் கொத்தமல்லிக் கட்டு வரும். மழை பிடித்துக் குடையை விரித்தவன் தலையில் மல்லி கொட்டும். ஓட்டல் சாம்பார் வந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, தூக்கி எறிய வேண்டிய டப்பாவை, என் மனைவி தெரியாத்தனமாக ஒருநாள் அக்காவிடம் கொழுக்கட்டை போட்டுக் கொடுத்துவிட்டாள். அது அதிரசத்தோடு திரும்பி வந்தது. அதிரசம் வந்த டப்பாவை நாங்கள் வெறுமையாகத் தரலாமா? சுண்டல் போனது. பக்கோடா வந்தது. மூடி உடைந்து, ஓரம் கிழிந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, வருஷக்கணக்கில் அந்த டப்பா இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்தது. எங்கள் இருவரில் யாருக்கும் அதை முதலில் குப்பையில் போடத் தைரியம் வரவில்லை.

ஒருமுறை அவருடைய மகன் வேலப்பன்சாவடி பக்கம் கல்லூரிக்குப் போக என் ஹெல்மெட்டை வாங்கிப் போனான். மறுநாள் காலையில் ஹெல்மெட் என் வண்டிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அப்படியே கிளம்பிவிட்டேன். நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் மறித்தார்.

"ஹெல்மெட்டு வண்டில தொங்கினு கீது. தலைல மாட்டுனா இன்னா?"

"உள்ள கத்திரிக்கா சார்."

குனிந்து பார்த்தார். பிஞ்சுக் கத்திரிக்காய், காம்போடு.

"மார்க்கெட்டுக்குப் பை எடுத்துனு போவ மாட்டியா?"

"வாங்கல சார். ஹெல்மெட்டைத் திருப்பிக் குடுத்தாங்க."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று ஊதச் சொன்னார். பிறகு, கத்திரிக்காயைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினால்தான் விடுவேன் என்றார். நிறைமாதக் கர்ப்பிணி போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆவடி வரை வந்தேன். சிக்னலில் ஒரு அம்மா எனக்கு வழிவிட்டார்.

இந்தப் பழக்கத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரு பரீட்சைக் காலத்தில், பிள்ளைகளோடு அல்லாடிக்கொண்டிருந்த என் மனைவி அக்காவின் கிண்ணத்தைக் கழுவி வெறுமையாகக் கொடுத்தனுப்பிவிட்டாள். போன கால் மணி நேரத்தில் அக்கா வாசலில் நின்றார். கையில் அந்தக் கிண்ணம்.

"இன்னா சண்ட? சொல்லு. உக்காந்து பேசித் தீத்துக்கலாம்."

"சண்டையா? எதுக்குக்கா சண்டை?" என்றாள் என் மனைவி.

"அப்ப இது இன்னாத்துக்கு காலியா வந்துச்சு? இனிமே என் ஊட்டுக்கு வராதன்னுதான அர்த்தம்?"

மனைவி ஓடிப்போய் ரவை டப்பாவைத் திறந்தாள். அக்கா கிண்ணத்தை நீட்டினார். ரவை விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், இப்ப சரி. நா வரேன்" என்று போய்விட்டார். அவ்வளவுதான். நான்தான் அன்றிரவு முழுக்க, நம் வீட்டிலிருந்து தெருவில் யார் யாருக்கு எந்தெந்தப் பாத்திரம் காலியாகப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இப்படிப்பட்டவரை நான் விமானத்தில் ஏற்றி அழைத்துப்போனேன்.

அங்கே எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைத்தார்கள். இங்கிரிட் வீடு. எழுபது வயது இருக்கும், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, உயரமான பெண்மணி. அதிகம் பேச மாட்டார். இங்கிலீஷ் கொஞ்சம் வரும், என் ஜெர்மன் அளவுக்கு. அக்காவுக்குக் கீழறை, எனக்குக் கூரைக்கடியில் பரண் போல ஒன்று. போன அன்றே அக்கா பெட்டியைத் திறந்து, எவர்சில்வர் தூக்கு நிறைய எலுமிச்சை ஊறுகாயை இங்கிரிட் கையில் கொடுத்தார். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் என் கதவைத் தட்டும் சத்தம்.

"நைனா, எந்திரி. பொட்டியக் கட்டு."

"எங்கக்கா?"

"ஊருக்கு. இந்தம்மாவுக்கு நம்ம வந்தது புடிக்கல."

கதவைத் திறந்து பார்த்தேன். அக்கா கையில் தூக்கு. கழுவி, துணியால் துடைத்து, என் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"அக்கா, அவங்க ஊர்ல சுத்தமா கழுவிக் குடுக்கறதுதான் மரியாத."

"கழுவட்டும். யார் வேணான்னது? கழுவிட்டு ரெண்டு உருளக்கெயங்கு போட்டா கையா தேஞ்சுபுடும்? நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேளு நைனா. கேட்டு சொல்லு, நா மன்னிப்பு கேட்டுட்டு போறேன்."

கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. நான் லுங்கியோடு கீழே இறங்கி, சமையலறையில் நின்றிருந்த இங்கிரிட்டிடம் எனக்குத் தெரிந்த அத்தனை ஜெர்மனையும் கொட்டினேன். பாத்திரம் காலி, பெண்மணி அழுகிறாள் என்ற அளவுக்கு வந்தது. இடையில் பழக்கதோஷத்தில் யானை எட்டிப் பார்த்தது, அடக்கிவிட்டேன். பிறகு இங்கிலீஷிலும் கையிலும் விளக்கினேன். எங்கள் ஊரில் பாத்திரம் காலியாகத் திரும்பினால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

இங்கிரிட் முகம் வெளுத்துவிட்டது. தூக்கை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தன் தோட்டத்து மரத்தில் காய்த்த ஹேசல் கொட்டைகளைக் கழுத்துவரை நிரப்பி, அழுத்தி, மேலும் நிரப்பி, மூடி மூடாமல் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். அக்கா அவர் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டார்.

அத்தோடு நான் தொலைந்தேன்.

அதன்பிறகு எங்கள் கொயர் பாடிய பாட்டெல்லாம் பக்கவாத்தியம்தான். அந்த வீட்டுச் சமையலறையில்தான் கச்சேரி நடந்தது. அக்கா தேங்காய் பர்பி செய்வார். இங்கிரிட் பிளம் ஜாம் கொடுப்பார். அந்த ஜாம் பாட்டிலில் ரசப்பொடி போகும். ரசப்பொடி போன இடத்திலிருந்து கேக் வரும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் புரியாத பாஷையில் பேசிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் நான் உட்கார்ந்து மொழிபெயர்க்க முயல்வேன். "நீ சும்மா இரு நைனா, கொழப்பாத" என்பார் அக்கா. மொழிபெயர்ப்பாளனாக என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே மதிப்பீடு அதுதான்.

சாப்பாட்டு மேசையில் அக்கா பரிமாறுவதை யாரும் நிறுத்த முடியாது. அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் முதலில் கற்ற தமிழ்ச் சொல் "வேண்டாம்". இங்கிரிட் அதைச் சுத்தமாகச் சொல்வார், தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்து. அக்கா கையை விலக்கிவிட்டுப் போடுவார். ஆக, அந்தச் சொல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதையும் சேர்த்தே அவர் கற்றுக்கொண்டார்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பிரியாவிடைப் பாட்டு, பிரியாவிடை உரை, குழுப் படம். கொயர் மாஸ்டர், இந்த இரண்டு வாரம் எங்கள் வாழ்வில் மறக்க முடியாதது என்று உருகிப் பேசினார். நானும் அதை உருக்கமாகத்தான் மொழிபெயர்த்தேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கே தப்பு விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம். அழுது முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. ஒரு பயணம் என்றால் முடிய வேண்டும் ஐயா. பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தத்தில் ஒரு சுகம் இருக்கிறது. எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது, அக்காவைத் தவிர.

அன்றிரவுச் சாப்பாட்டுக்குச் சபைக் கூடத்துக்கு இங்கிரிட் உருளைக்கிழங்கு சூப் செய்து கொண்டுவந்திருந்தார், ஒரு நீல எனாமல் குண்டானில். இரண்டு காது, வெள்ளை விளிம்பு, அடியில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்த கறுப்புப் பொட்டு. மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் அதைக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். நாங்களும் விடிகாலையில் வேனில் ஏறிவிட்டோம். இங்கிரிட் வாசலில் நின்று கையாட்டினார்.

விமான நிலையத்தில், எங்களை வேனில் கொண்டுவந்து விட்ட அந்த ஊர்ப் பையன் போனும் கையுமாக என்னிடம் வந்தான். ரொம்ப மரியாதையாகக் கேட்டான். இங்கிரிட்டின் நீலக் குண்டானைக் கூடத்தில் காணவில்லை, தவறுதலாக யார் பெட்டியிலாவது வந்திருக்குமோ? அது அவருடைய அம்மா வைத்திருந்தது. வீட்டில் அம்மாவின் பொருள் என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

நான் யாரையும் விசாரிக்கவில்லை. நேராக அக்கா முன்னால் போய் நின்றேன். அவர் காலடியில் இருந்த கட்டைப் பை வட்டமாக இருந்தது.

"அக்கா. குண்டான்."

"ஆமா, எங்கிட்டதான் கீது," என்றார், நான் டிக்கெட்டைக் கேட்டது போல.

கொயர் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, அடுத்தவங்க பாத்திரத்தை எடுத்துட்டு வர்றதுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"தெரியும் சார். அதுக்கு எடுத்துனு வரல. நேத்து ஞாயித்துக்கெயம. அவங்க ஊர்ல ஒரு பொட்டிக்கடகூட தொறக்கல. நா கொண்டாந்தது எல்லாம் தீந்துபோச்சு. கைல ஒரு மொளகாகூட இல்ல. வெறும் குண்டான எப்டி சார் வச்சிட்டு வர்றது? அதுவும் கெளம்பற அன்னிக்கு?"

"அதுக்கு?"

"ஊட்டுக்குப் போயி நெரப்பி அனுப்பறேன்."

"அக்கா," என்றேன், "இங்கயே கடை இருக்கு. ஒரு சாக்லேட் வாங்கி உள்ள போட்டு இந்தப் பையன் கைல குடுத்துடலாம்."

"அவங்க ஊர்ல வாங்கி அவங்களுக்கே குடுக்கறதா? நீயெல்லாம் படிச்ச புள்ள."

பையைத் திறந்து காட்டினார். குண்டானுக்குள் அவருடைய பட்டுப்புடவை அடைத்திருந்தது. கொண்டுபோகும்போதும் காலியாக இருக்கக் கூடாதாம்.

அதற்குள் போனில் இங்கிரிட்டே வந்துவிட்டார். நான் மென்று விழுங்குவதைப் பார்த்து, அக்கா போனைப் பிடுங்கினார். "இங்கிரிட்டம்மா, நாதான் பேசறேன். குண்டான் பத்திரமா கீது. ஒண்ணியும் பயப்படாத. நெரப்பி அனுப்பறேன்."

எதிர்ப்பக்கம் ஏதோ சொன்னது. நான் சொன்னேன், "அவங்க அம்மாவோடதாம்க்கா. அது ஒண்ணுதான் இருக்காம்."

அக்கா முகம் மாறியது. தருவார் என்று நினைத்தேன். வேனோட்டி வந்த பையனும் கையை நீட்டிவிட்டான்.

"அம்மாவுதா? அப்டின்னா கண்டிப்பா வெறுமையா குடுக்க மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். என் ஜெர்மனில் சொன்னேனோ, இங்கிலீஷில் சொன்னேனோ. இங்கிரிட் "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சரியில் ஒரு சரியும் இல்லை. அப்படியொரு குளிரை அந்த ஊர்ப் பனியில்கூட நான் அனுபவித்ததில்லை.

ஊர் வந்ததும் கொயர் மாஸ்டர் தீர்ப்பு சொன்னார். "அடுத்த வருஷம் ஜனவரியில அவங்க இங்க வர்றாங்க. முதல் பேரா இங்கிரிட் பேர் இருந்துச்சு. வரலைன்னு சொல்லிட்டாங்களாம், முட்டி வலியாம். முட்டி வலியா, நம்ம மேல நம்பிக்கை போச்சான்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். அந்தக் குண்டான் போய்ச் சேர்ற வரைக்கும் நீதான் பொறுப்பு."

"நான் என்ன சார் பண்ணேன்?"

"நீதானே மொழிபெயர்ப்பு?"

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா என்னை மடக்கினார். "அந்தம்மாவுக்கு போனப் போடு. மூஞ்சி தெரியற மாதிரி போடு." போட்டேன். திரையில் இங்கிரிட், உதட்டை இறுக்கிக்கொண்டு. எப்போது அனுப்புவீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அக்கா பையிலிருந்து குண்டானை எடுத்து, கேமராவுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். உள்ளே பச்சரிசி, நடுவில் ஒரு மஞ்சள்.

"பாத்துக்கோ. காலி இல்ல."

இங்கிரிட்டுக்கு அரிசியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விளிம்பு எங்கேயாவது பெயர்ந்திருக்கிறதா என்றுதான் உற்றுப் பார்த்தார்.

நான் அக்காவைப் பைக்கில் ஏற்றி, குண்டானை அவர் மடியில் வைத்து, ஆவடி கூரியர் கடைக்கு அழைத்துப் போனேன். இந்த வம்பை அன்றே முடித்துவிடுவது என்று கங்கணம். கடைக்காரத் தம்பி நல்ல பையன். "ஊறுகா, பொடி, முறுக்கு எல்லாம் போவும் மேடம். டெய்லி போவுது."

"அப்ப இத்த நெரப்பி அனுப்பு."

"பாத்திரத்துக்குள்ள போட்டு அனுப்ப முடியாது மேடம். சாப்பாட்டு ஐட்டம் தனியா சீல் பண்ணிடுவோம். பாத்திரம் தனியா பபுள் ஷீட்ல சுத்திடுவோம்."

"அப்ப குண்டான் காலியாதான போவும்?"

"ஒரே பெட்டிலதான் மேடம் போவும்."

"பொட்டி வேற, குண்டான் வேற."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். "அக்கா," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு, "பக்கத்துல பக்கத்துல வச்சாலும் நெரப்புன மாதிரிதான்."

"நீ சோத்த தட்டுக்குப் பக்கத்துல வச்சா துன்னுவ?"

திரும்பி வந்தோம். அதன்பிறகு சாக்குகளின் அணிவகுப்பு. வடுமாங்காய் சீசன் வரட்டும் என்றார். சீசன் வந்தது, காய் நன்றாக இல்லை. தவக்காலம் முடியட்டும் என்றார். வற்றல் போட்டார், மழை பிடித்துக்கொண்டது. நான் ஒவ்வொரு முறையும் கூரியர் பையனுக்குப் போன் செய்து, அவன் ஒவ்வொரு முறையும் "குண்டான் அண்ணா தான?" என்று கேட்டு, ஆவடியில் எனக்கு அப்படியொரு பெயரே விழுந்துவிட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் போன் மட்டும் தப்பவில்லை. வெயிலோ மழையோ, வண்டிகளுக்கு நடுவில் நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை மரத்துப்போகும். எப்போது அனுப்புவீர்கள் என்று இங்கிரிட் கேட்டது எந்த வாரத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் திரையில் முகம் வந்ததுமே அவர் கண்ணைச் சுருக்கி, "காலி?" என்றார். அக்கா குண்டானைச் சாய்த்தார். துவரம்பருப்பு. "காலி இல்ல!" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் வெங்காயம். அதற்கடுத்த வாரம் அக்காவின் பேரனுடைய பிறந்தநாள் கேக். பதிலுக்கு இங்கிரிட் தன் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் திறந்து காட்டுவார். போனில் ஆவி படியும். மணிக்கணக்கில் தமிழும் ஜெர்மனுமாகப் போகும். என்னை இருவரும் போன் ஸ்டாண்டாகவே நடத்தினார்கள். ஒருநாள் கை வலிக்கிறது என்றேன். "அந்தக் கைல புடி" என்றார் அக்கா.

ஜனவரியில் அந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள், இங்கிரிட் இல்லாமல். எனக்கோ பெரிய நிம்மதி. கூரியர் வேண்டாம், பபுள் ஷீட் வேண்டாம், அவர்கள் கையிலேயே நிரப்பிக் கொடுத்தனுப்பிவிடலாம். அவர்களும் அதற்காகவே பெட்டியில் இடம் விட்டு வந்திருந்தார்கள். அக்காவும் சரி என்று வெங்காய வடகம் போட்டு, குண்டானை நிரப்பி வைத்திருந்தார். விமான நிலையத்துக்கு வண்டி கிளம்பும் நேரத்தில் குண்டானை வாங்க ஓடினேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து வடகத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா காயல நைனா. பூஞ்ச புடிச்சிடும். அடுத்த தபா பாக்கலாம்."

நானும் ஒன்றை எடுத்து ஒடித்தேன். படக்கென்று இரண்டாக உடைந்தது. அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படியொரு கோபம். "அக்கா, உன்னால நான் பட்ட பேஜாரு கொஞ்சமா? ஆவடியில நான் குண்டான் அண்ணன். கொயர் மாஸ்டர் என்னை இன்னும் திருடன் கூட்டாளியாத்தான் பாக்கறாரு. அந்தம்மாவோட அம்மா குண்டான் அது. நெசமா சொல்லு, உனக்கு இத அனுப்ப மனசு கீதா, இல்லியா?"

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அக்கா வடகத்தை மறுபடி குண்டானில் போட்டு, மூடியைப் போட்டு, முந்தானையால் விளிம்பைத் துடைத்தார்.

"குட்த்துட்டா, அப்பால ஞாயித்துக்கெயம அவ இன்னாத்துக்கு போன எடுக்கப்போறா? ஒத்தக்கட்ட. அவ்ளோ பெரிய ஊட்ல யார்கிட்ட பேசுவா?"

வண்டி போய்விட்டது. அக்கா உடைந்த வடகத்தை என் கையில் வைத்து, "பொரிச்சுத் துன்னு" என்றார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது நின்றுகொண்டிருக்கும் குரல், இந்தமுறை யாரும் கையை மூடிக் காட்டாமலே நின்றுவிட்டது. அடக்கத்தில் நாங்கள்தான் பாடினோம். நான் எல்லாருக்கும் முன்னால் ஒரு வரி தொடங்கிவிட்டேன்.

சில நாள் கழித்து ஓசூரிலிருந்து வந்திருந்த அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் நீலக் குண்டான்.

"அங்கிள், அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாங்க. நல்லா தேய்ச்சு கழுவிட்டேன். உள்ள ஏதோ அரிசியும் உப்பும் கெடந்துச்சு, கொட்டிட்டேன்."

வாங்கிக்கொண்டேன். பாவம், அந்தப் பெண்ணை என்ன சொல்வது? இத்தனை நாளில் அந்தக் குண்டானை நான் காலியாகப் பார்த்தது அதுதான் முதல்முறை. உள்ளே வெள்ளையாக, பளபளவென்று இருந்தது. அடியில் அந்தக் கறுப்புப் பொட்டு. மேசைமேல் வைத்தேன். என் மனைவி அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அடக்கம் நடந்த ஞாயிறன்றே இங்கிரிட்டின் அழைப்பு வந்திருந்தது, எடுக்கவில்லை. அடுத்ததையும் எடுக்காமல் இருக்க முடியாது. திரையில் அவர் "காலி?" என்று கேட்டால் நான் எதைச் சாய்த்துக் காட்டுவேன்? எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். இங்கிலீஷில், என் சக்திக்கு மீறி, நீளமாக எழுதினேன். அக்கா இறந்துவிட்டார். உங்கள் அம்மாவின் குண்டானை இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு எங்கள் சபையின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். நாளையே கூரியரில் அனுப்பிவிடுகிறேன், உள்ளே ஒன்றும் வைத்து அனுப்ப விதி இல்லை, அதனால் காலியாகத்தான் வரும், தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இத்தோடு இந்த விஷயத்தை முடித்துக்கொள்வோம். அனுப்பிவிட்டு, கூரியர் பையனையும் கூப்பிட்டு, காலையில் வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். பெட்டியின் ஜிப் சத்தம் கடைசியில் எனக்குக் கேட்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

பார்த்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. இரண்டு பக்கத்துக்கு ஜெர்மனில் வரப்போகிறது, எப்படிப் புரிந்துகொள்வேனோ என்று பயந்துகொண்டே காத்திருந்தேன்.

வந்தது ஒரே வரி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வொன்றாகத் தேடி அடித்திருந்தார்.

"காலி வேண்டாம்."